பிறேக் குழாயும் வன்னி வெயிலும்

வன்னிப் பெருநிலத்தில் மோட்டார் சைக்கிள் என்பது இளைஞரின் விளையாட்டுப் பொருளன்று. ஒரு காலத்தில் மாட்டு வண்டி செய்த ஊழியத்திற் பெரும்பகுதியை இன்று அதுவே செய்கின்றது. விடியலிற் பாற்கலம் ஏற்றிச் செல்வதும் அது. பின்னர் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவதும் அது. நெல் மூட்டையும் நோயாளியும் பயணஞ் செய்வதும் அதன் முதுகிலேதான். இத்தனை சுமையையும் இழுப்பது எது என்றால், இயந்திரம் எனச் சிறு பிள்ளையும் சொல்லும். நிறுத்துவது எது என்று கேட்டால், சிலர் கைப்பிடியைக் காட்டுவர். சிலர் சில்லைக் காட்டுவர். இரண்டிற்கும் நடுவே சுண்டுவிரற் பருமனில் தொங்குகின்ற கறுப்புக் குழாயைக் காட்டுவோர் மிகச் சிலரே.

எமது வீட்டு வண்டி முன்சில்லில் டிஸ்க் பிறேக் பூட்டிய இந்திய வண்டி. பத்து ஆண்டுகளைக் கடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025 இல் அத்தடை தளரும்வரை, இந்நாட்டவர் பலர் இருக்கின்ற வண்டியையே பேணிக் காக்க வேண்டியவராயினர்; நாமும் அப்படியே. சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள், கிளிநொச்சியிலுள்ள கராச் ஒன்றிற்கு வண்டியைக் கொண்டு சென்றோம். அங்கே வேலை செய்யும் தம்பி கைதேர்ந்தவர். அவர் குழாயை இரு விரல்களுக்கிடையே மெல்ல வளைத்துக் காட்டினார். வளைந்த இடத்திலே, வற்றிய குளத்துச் சேறு வெடித்தாற் போன்று நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன.

“மாஸ்டர், இது இனிச் சரிவராது. சூடு தாங்கிற ஓஸ் இப்ப வருகுது. அதைப் போட்டியளெண்டால் பயமில்லை” என்றார்.

உதிரிப்பாகக் கடையின் கண்ணாடி மேசைமீது மூன்று குழாய்கள் வந்து கிடந்தன. முதலாவது, வண்டி செய்த நிறுவனத்தின் பொதியில் வந்த இறப்பர்க் குழாய். இரண்டாவது, பார்வைக்கு அதன் உடன்பிறப்பே; விலை பாதி; உடம்பில் ஓர் எழுத்துத்தானும் இல்லை. மூன்றாவது, எவர்சில்வர் இழைகளாற் பின்னப்பட்டு, பொன்னிற முனைகளோடு பளபளத்தது. “பெடியள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறாங்கள், மாஸ்டர்” என்றார் கடைக்காரர். அதன் உடம்பிலும் எழுத்தில்லை. மூன்றில் எது என்பதைத் தீர்மானிக்குமுன், வெயிலுக்கும் இக்குழாய்க்கும் உள்ள உறவு யாது என்பதைச் சற்றுச் சிந்திக்கலானோம்.

மாணவ நேயர்கள் பஸ்காலின் விதியைப் படித்திருப்பார்கள். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எல்லாத் திசையிலும் பரவும் என்பது அவ்விதி. கைப்பிடியை அழுத்தும்போது அங்குள்ள சிறு உருளையில் ஒரு முசலம் நகர்கின்றது. அமுக்கம் குழாய்வழி இறங்குகின்றது. கீழேயுள்ள முசலம் தேய்கட்டைகளைத் தட்டின்மேல் நெரிக்கின்றது. 1969 இல் ஹொண்டா நிறுவனம் தனது 750 வண்டியில் இவ்வமைப்பைப் பூட்டிப் பெருந்தொகையில் விற்கத் தொடங்கிய பின்னரே, மோட்டார் சைக்கிள் உலகில் இது பரவலாயிற்று. திரவம் அமுங்காது என்பதே இதன் உயிர்நிலை. ஆவியோ அமுங்கும். குழாயினுள்ளே ஆவிக் குமிழ் தோன்றிவிட்டால், கைப்பிடி பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நில்லாது.

இனி, சூடு எங்கிருந்து வருகின்றது? வெயிலிலிருந்து அன்று. ஓடுகின்ற வண்டியின் இயக்கச் சக்தி முழுவதும் தட்டும் கட்டையும் உரசும் இடத்தில் வெப்பமாகின்றது. அவ்வெப்பம் முசலத்தின் வழியே திரவத்தைச் சென்று சுடுகின்றது. கடைகளில் ‘டொட் 3’ எனக் கிடைக்கும் பிறேக் ஒயில் புதியதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ‘டொட் 4’ 230 பாகை வரை தாங்கும். எமது வெயில் நாற்பதைத் தொடுவதே அரிது. ஆகவே வெயிலால் பிறேக் ஒயில் கொதிக்கும் என அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது நீரை. இவ்விரு வகைத் திரவங்களும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையன. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு நீர் கலந்ததும், ‘டொட் 3’ இன் கொதிநிலை 140 பாகை அளவிற்கும், ‘டொட் 4’ இனது 155 பாகை அளவிற்கும் இறங்கிவிடக்கூடும். கார்த்திகை மார்கழி மழையின் ஈரம், இறப்பர்க் குழாயின் சுவரினூடாகவே சிறிது சிறிதாக உள்ளே கசிகின்றது. வெயில் செய்யும் கேடு வேறு: அது இறப்பரை முதுமையாக்கி வெடிக்கச் செய்கின்றது.

ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையே நெடிய இறக்கம் எதுவும் இல்லை. கண்டி வீதியில் எமக்குப் பகை, சடுதியாகக் குறுக்கே வரும் மாடுகளே. அங்கே வேண்டியது ஒரே ஒரு தடவை, ஆயின் தவறாத, முழுப் பிடி. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்குவோர் கதை வேறு. மைல் கணக்காகப் பிறேக்கைப் பிடித்தபடி இறங்குகையில் திரவம் உண்மையாகவே கொதிக்கக்கூடும். அப்பொழுதும் குழாயை மாற்றுவதாற் கொதிப்பு நில்லாது. புதிய திரவமும், இயந்திரத்தைத் தாழ்ந்த கியரில் விட்டு இறங்கும் பொறுமையுமே காக்கும். பின்சில்லுக்கும் டிஸ்க் உள்ள வண்டிகளிற் சிலவற்றில் குழாய் புகைக்குழலின் அருகே போகின்றது. வெப்பந்தாங்கும் குழாய் என்னும் பேச்சுக்கு அங்கே பொருளுண்டு; அதற்கும் முன்னே, குழாயைப் புகைக்குழலில் முட்டாதவாறு கவ்விகளில் ஒழுங்காகப் பிணைத்தல் வேண்டும்.

பின்னல் உருக்குக் குழாயைப் பழிப்பது எமது நோக்கமன்று. நல்ல குழாயின் உட்சுவர் டெஃப்லோன் என்னும் பொருளாலானது. 1938 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் ரோய் பிளங்கெற் தற்செயலாகக் கண்டெடுத்த அப்பொருள், 260 பாகை வரை தன் வேலையைச் செய்யவல்லது. அமுக்கத்தால் வீங்காதாகையால் கைப்பிடி உறுதியாயிருக்கும். ஈரமும் அவ்வளவாகப் புகாது. ஆயினும் மேலுறை இல்லாத உருக்குப் பின்னல் ஓர் அரம். படுகின்ற வயரையும் வர்ணத்தையும் அது அராவும். எமது செம்மண் புழுதி இழைகளுக்கிடையே புகுந்தால், உட்சுவரையே அது அராவத் தொடங்கும். எனவே அவ்வகையை விரும்புவோர் பிளாஸ்ரிக் மேலுறை உள்ளதையும், செய்தவர் பெயர் பொறித்ததையும் கேட்டு வாங்குக. பெயரில்லாத பளபளப்பின் உள்ளே இருப்பது டெஃப்லோனா வேறொன்றா என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்ல இயலாது.

குழாயின் உடம்பை வாசிக்கப் பழகுதல் நன்று. அமெரிக்காவின் 106 ஆம் இலக்க வாகனப் பாதுகாப்பு நியமம், பிறேக் குழாயில் செய்தவர் அடையாளமும் செய்த மாதமும் ஆண்டும் இருத்தல் வேண்டும் என்கின்றது. குழாயின் நீளவாட்டில், எதிரெதிர்ப் பக்கங்களில் இரு கோடுகளும் வேண்டும் என்கின்றது. கோடுகள் அழகுக்கல்ல. பூட்டியபின் கோடு நேரே போகாமற் கொடிபோற் சுற்றியிருந்தால், குழாய் முறுகிவிட்டது என்று பொருள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. 1990 களிற் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், எம்மக்கள் சில துளி பெற்றோலால் வண்டியை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஜாம் போத்தலை விளக்காக்கினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இல்லாமையை வென்ற அக்கைத்திறன் எமக்குப் பெருமையே. அது இன்றும் எமது கராச்சுகளில் வாழ்கின்றது. ஆனால் அக்காலத்து ஹொண்டா 90 வண்டிகள் கம்பியாலும் கேபிளாலும் இயங்கிய டிரம் பிறேக் உடையவை. அவற்றைக் கையாண்ட பழக்கம் இங்கே ஒவ்வாது. பிறேக் குழாயின் உட்சுவர் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்னும் செயற்கை இறப்பராலானது. பிறேக் ஒயிலோடு நட்பாயிருக்கும் அவ்விறப்பர், பெற்றோலும் மண்ணெண்ணெயும் இயந்திர ஒயிலும் பட்டால் ஊதிப் பழுதாகும். அன்று எம்மைத் தாங்கிய மண்ணெண்ணெயே இதற்கு நஞ்சு. பிறேக் பாகங்களை அதிற் கழுவுவதும், திரவம் குறைந்தவிடத்து இயந்திர ஒயிலை ஊற்றுவதும், வெடித்த குழாய்க்கு நாடா சுற்றுவதும், பெற்றோற் குழாயை வெட்டிப் பூட்டுவதும் திறமையாகா. அப்பாதி விலைக் குழாயை நாம் கையிலெடுத்தும் பாராமைக்குக் காரணம் இதுவே. மாலையில் அவ்வண்டியின் பின்னே அமர்ந்து வருபவள் எமது பேத்தி.

வண்டி செய்தவரின் இறப்பர்க் குழாயையே வாங்கினோம். செய்த திகதி ஓராண்டுக்கு உட்பட்டது. அதனோடு புதிய செப்பு வாசர்களும், ‘டொட் 4’ திரவத்தில் ஒரு சிறிய போத்தலும் வாங்கினோம். பெரிய போத்தல் மலிவுதான்; ஆயின் திறந்த போத்தல் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். தம்பி பழைய திரவத்தை வெளியேற்றியபோது அது தேயிலைச் சாயம் போலிருந்தது. காற்றுக் குமிழ் ஒழியும்வரை அவர் கைப்பிடியை அழுத்தி அழுத்தித் திரவத்தை ஓடவிட்டார். வர்ணத்தில் ஒரு துளி சிந்தியதும் உடனே நீர் விட்டுக் கழுவினார், ஏனெனில் பிறேக் ஒயில் வர்ணத்தைத் தின்றுவிடும். யமஹா நிறுவனத்தின் கைந்நூல்கள் பலவற்றிற் குழாயை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் மாற்றும்படி கூறப்பட்டுள்ளது. எமது வண்டி வேறு நிறுவனத்ததாயினும், அக்கணக்கையே கைக்கொள்வதென முடிவு செய்துள்ளோம்.

கண்டி வீதியிற் செல்வோர் எப்படியும் முறிகண்டியில் இறங்குவர். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மறுபடி ஏறுமுன் கைப்பிடியை ஒரு தடவை இறுக அழுத்திப் பாருங்கள். உறுதியாக நிற்க வேண்டும். கைப்பிடியை விட்டபின் வண்டியைத் தள்ளினால் முன்சில்லு தடையின்றி உருள வேண்டும். இறுகிக்கொண்டே நின்றால், குழாயின் உட்சுவர் வீங்கித் திரவத்தைத் திரும்ப விடாதிருக்கவுங்கூடும்; வெளியே ஒரு வெடிப்பும் தெரியாது.