பங்குனியில் கோடியக்கரை

சம்பா அறுவடை முடிந்து, தாளடி வயல்களில் உளுந்தும் பயறும் காய்த்து நிற்கும் பங்குனியில் தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரைக்குக் கிளம்பலாம். திருத்துறைப்பூண்டி தாண்டினால் வாய்க்கால்கள் மெலியும். வேதாரண்யத்தோடு நெல் விடைபெறும். அடுத்து வரும் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில்தான் 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களோடு உப்பள்ளிக் கைதானார். அதற்கும் தெற்கே, வங்கக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனையில் இருக்கிறது ஊர். எதிரே பாக் நீரிணை, அதற்கப்பால் இலங்கை.

சுந்தரர் பாடிய குழகர் கோயில் இங்கே உண்டு. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இது பூங்குழலியின் ஊர். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் 2004 ஆழிப்பேரலையில் இடிந்துபோனது. பாலை மரங்கள் நிறைந்த காட்டையும் வெளிமான்கள் மேயும் புல்வெளியையும் 1967இல் சரணாலயமாக்கினார்கள். 2002இல் இங்குள்ள சதுப்புநிலம் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

சுற்றுலாக் கூட்டம் வருவது மழைக்காலத்தை ஒட்டி, பூநாரை பார்க்க. என்னைக் கேட்டால் பங்குனியில் வாருங்கள் என்பேன். வலசை வந்த பறவைகள் ஊர் திரும்ப ஆயத்தமாகும் மாதம் அது. ஐப்பசியில் சாம்பல் நிறத்தில் இருந்த வளைமூக்கு உள்ளானின் மார்பும் வயிறும் இப்போது செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். 25 கிராம்கூடத் தேறாத கொசு உள்ளான், விடிந்ததிலிருந்து சேற்றைக் கொத்திக்கொண்டே இருக்கும். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளி நோக்கிப் புறப்படுவதற்கான கொழுப்பை அது இங்கேதான் சேர்த்தாக வேண்டும்.

அதற்குச் சோறு போடுவது இந்தச் சேறுதான். வடகிழக்குப் பருவமழையும் காவிரி டெல்டாவின் வடிகால்களும் கொண்டுவரும் நன்னீர், சதுப்பின் உப்பைத் தணிக்கிறது. கோடை நெருங்க நீர் வற்றி, சேற்றுத் திட்டுகள் வெளிப்படும். புழுவும் பூச்சியும் எட்டும் ஆழத்துக்கு வரும். மழை பொய்த்து, நன்னீர் வரத்தும் குறைந்தால் உப்பு ஏறும், இரை அருகும். கடைமடை விவசாயியைப் போல இந்தப் பறவைகளும் மேலேயிருந்து வரும் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. காவிரிக் கணக்குப் பேசும்போது நாம் இவற்றையும் சேர்த்துக்கொள்வதே நியாயம்.

சாலிம் அலி வளர்த்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல ஆண்டுகளாக இங்கே தங்கிப் பறவைகளின் காலில் வளையமிட்டு வருகிறார்கள். இரவில் வலை கட்டி, பிடித்ததை எடை போட்டு, வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். பயணத்துக்கு முன் பறவை எவ்வளவு கொழுக்கிறது என்பதெல்லாம் அப்படித் தெரியவந்தவை.

காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். வெயில் ஏறினால் சதுப்பில் கானல் ஆடி எதுவும் துலங்காது, விடியலிலேயே போய்விடுங்கள். இருநோக்கி இருந்தால் நல்லது, பொறுமை அதைவிட நல்லது.

சித்திரை பாதியில் பறவைக் கூட்டம் கரைந்துவிடும். ஆனாலும் சேறு காலியாவதில்லை. முதல் வருட இளம் பறவைகள் பல, நிறம் மாறாமல், கொழுப்புச் சேராமல், போகாமல் இங்கேயே தங்கிவிடும். அக்கினி நட்சத்திரத்தை நம்மோடு சேர்ந்தே கழிக்கும். ஆடி ஆவணியில் பெரியவை திரும்பி வரத் தொடங்கும்போது, இந்தச் சதுப்பை விட்டு அகலாத இளசுகள் அதே சாம்பல் நிறத்தில் மேய்ந்துகொண்டிருக்கும்.