தொட்டித் தண்ணீர்க் கணக்கு

ஏப்ரல் 5

வெயில் ஏறிவிட்டது. எங்கள் குடியிருப்பின் சம்ப்பில் இப்போது மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் கலந்து வருகின்றன. செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் இறங்க இறங்க, போரின் பங்கு கூடிக்கொண்டே போகும். மீன் தொட்டிக்கும் இதே தண்ணீர்தான் என்பதால், தொட்டியைச் சோதிப்பதற்கு முன் குழாயைச் சோதித்தேன்.

டிடிஎஸ் மீட்டர் 980 காட்டியது. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அளந்து, அதைக் கரைந்த உப்பின் கணக்காக மாற்றிச் சொல்கிற கருவி அது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. அம்மோனியாவோ குளோரினோ இருக்கிறதா என்றும் தெரியாது. பேனா அளவுக் கருவியை முக்கிப் பார்த்துவிட்டு "தண்ணி ஓகே" என்று சொல்கிறவர்கள் நிறைய.

பிஎச் 7.4. ஒரு வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோனைப் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் மறுபடி பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 6

வாளித் தண்ணீரின் பிஎச் 8.2. போர் தண்ணீரில் கரைந்திருந்த கரியமில வாயு இரவு முழுக்கக் குமிழிகளோடு வெளியேறியதால் வந்த ஏற்றம் இது. தொட்டியிலும் காற்று ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே மீன் வாழப்போவது 8.2-ல், குழாயடியில் பார்த்த 7.4-ல் அல்ல.

கார்பனேட் கடினத்தன்மையை அளக்கும் கேஎச் சோதனையில் சொட்டுகளை எண்ண வேண்டும். நீலம் மஞ்சளானது பன்னிரண்டாம் சொட்டில். ஒரு சொட்டு ஒரு டிகிரி. லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் எல்லாம் இந்தத் தண்ணீரில் சௌக்கியமாக இருக்கும். அமேசான் பகுதி ஓடைகளின் மென்னீரில் வாழும் நியான் டெட்ராவுக்கு இது ஒத்துவராது.

ஏப்ரல் 17

புத்தாண்டு விடுமுறையில் கீழ் வீட்டில் புதுத் தொட்டி வைத்தார்கள். கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய்த் தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே எட்டு கோல்டு ஃபிஷ்ஷையும் விட்டுவிட்டார்கள். இன்று காலை அந்த வீட்டம்மா மேலே வந்தார். "அண்ணா, மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. தண்ணி நல்லா தெளிவாத்தான் இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

டெஸ்ட் கிட்டோடு போனேன். சோதனைக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர், இரண்டு புட்டிகளிலிருந்தும் சொட்டுகள், மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம். அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும். இது இளம்பச்சையாகி, பச்சை முற்றிக்கொண்டே போனது. அட்டையோடு ஒப்பிட்டால் 2 பிபிஎம். பிஎச் 8.2, வெப்பம் 31 டிகிரி.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனி அவ்வளவு கெடுதல் செய்யாது. அயனியாகாத அம்மோனியாதான் செவுளை அரிக்கும். பிஎச் 7, வெப்பம் 25 டிகிரி என்றால் அந்த நச்சு வடிவம் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. 8.2-க்கும் 31-க்கும் அது நூற்றில் பன்னிரண்டு பங்கை எட்டும். ஆகவே அதே 2 பிபிஎம், சென்னைக் கோடையில் ஏறக்குறைய இருபது மடங்கு கொடியது.

உடனே பாதித் தண்ணீரை மாற்றினோம். புதுத் தண்ணீரில் குளோரினை முறிக்க ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட் கரைசல். இரண்டு நாளைக்குத் தீனி கூடாது என்றேன். என் ஃபில்டரிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து அவர்கள் ஃபில்டரில் வைத்தேன். வழுவழுப்பாக, பார்க்க அசிங்கமாக இருந்தது. அந்த வழுவழுப்பில்தான் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன.

ஏப்ரல் 29

கீழ் வீட்டுத் தொட்டியில் அம்மோனியா கால் பிபிஎம். நைட்ரைட் சோதனையோ நீலத்தில் நிற்காமல் ஊதாவுக்குப் போய்விட்டது. எதிர்பார்த்ததுதான். முதல் வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அதை நைட்ரேட்டாக்கும் இரண்டாம் வகை பெருகக் கூடுதல் காலம் பிடிக்கும். நைட்ரோபாக்டர்தான் அந்த இரண்டாம் வகை என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று டிமோத்தி ஹோவனெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1998-ல் காட்டினார்கள்.

நைட்ரைட் இரத்தத்தில் ஏறினால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். குளோரைடு இருந்தால் செவுள் வழியே அது நுழைவது குறையும். அதனால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு, தனியாகக் கரைத்து ஊற்றச் சொன்னேன். கூடவே, ஒன்று விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும்.

மே 6

கத்திரி வெயில். தொட்டியில் 32 டிகிரி. மதியம் கரண்ட் வேறு போனது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன் 32-ல் 7.3-தான். மீன் மட்டுமா, ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவும் அதைத்தான் நம்பியிருக்கிறது. பேட்டரி ஏர் பம்ப்பை ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மாட்டிவிட்டேன். கரண்ட் வந்தபின், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து கழுவினேன். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் பட்டு, வளர்த்த பாக்டீரியா எல்லாம் போய்விடும்.

மே 20

என் தொட்டியில் நைட்ரேட் 40. இந்தச் சோதனைக்கு இரண்டாம் புட்டியை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்க வேண்டும். அடியில் தங்கியது கலக்காவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். பாதித் தண்ணீர் மாற்றியதும் 20-க்கு வந்தது.

டிடிஎஸ் 1,300-ஐத் தாண்டியிருந்தது. வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த மட்டத்துக்குப் போர் தண்ணீரையே ஊற்றி நிரப்பினால், ஒவ்வொரு முறையும் உப்பு ஏறும். ஆவியானதற்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீர், வாரம் மாற்றுவதற்குச் சம்ப் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டேன். காரத்தன்மை நீங்கிய ஆர்.ஓ. தண்ணீரையே முழுக்க ஊற்றுவதும் ஆபத்துதான். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, பாக்டீரியா ஏழு மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. அந்த இருப்பு தீர்ந்தால் பிஎச் சடாரென்று சரியும்.

மே 27

கீழ் வீட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 10. தொட்டி சைக்கிள் ஆகிவிட்டது, அதாவது இரண்டு வகை பாக்டீரியாவும் நிலைத்துவிட்டன. எட்டும் நீந்துகின்றன. "இன்னும் நாலு வாங்கலாமாண்ணா?" என்று கேட்டார். அந்தத் தொட்டிக்கு எட்டே அதிகம் என்றேன்.

தொட்டி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மீனுக்கு முன் டெஸ்ட் கிட் வாங்குங்கள். காற்றோட்டத்தில் ஓர் இரவு வைத்த உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்து, அதற்கு ஒத்துவரும் மீனைத் தேர்ந்தெடுங்கள். அம்மோனியா, பிஎச், வெப்பம் மூன்றையும் தேதி போட்டு ஒரே வரியில் எழுதி வையுங்கள். ஓர் எண்ணைத் தனியாகப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.