எங்கள் வட்டைக்கு வரும் தண்ணீரைப் பார்க்கப் போனோம்

காரைதீவுச் சந்தியில் இருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில் முதலில் வருவது எங்கள் மாவடிப்பள்ளி. ஊரைச் சுற்றி வட்டைதான். மாரியில் வெள்ளம் ஏறினால் வீதி எது, வயல் எது என்று தெரியாது. 2024 நவம்பர் 26ஆம் திகதி மத்ரஸாவில் இருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் இந்த வீதியில்தான் வெள்ளத்தில் அடிபட்டுக் கவிழ்ந்தது. அந்த ஜனாஸாக்களை நாங்கள் மறக்கவில்லை. வெள்ளாமை வெட்டி முடிந்தால் யானைக் கூட்டம் வட்டைக்கு வந்துவிடும். ஆகவே தண்ணீரைப் பற்றியும் யானையைப் பற்றியும் யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை.

ஆனால் சிறுபோகத்துக்கு எங்கள் பக்கத்து வயல்களுக்கு வரும் தண்ணீர் எங்கே தேங்கி நின்று வருகிறது? சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர் தெரியும். போய்ப் பார்த்த பெண்கள் குறைவு. எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, நானும் பார்த்ததில்லை.

எங்கள் சேமிப்புக் குழுவில்தான் இந்தப் பேச்சு எழுந்தது. குழுவில் எங்கள் ஊர்ப் பெண்களும் காரைதீவுத் தமிழ்ப் பெண்களும் இருக்கிறோம். “யானையைப் பார்க்க வெள்ளைக்காரர் காசு கட்டி வாறார்கள். நாங்கள் யானையைக் கண்டு ஓடுகிறோம். ஒரு தடவை நாமும் காசு கட்டிப் பார்த்தால் என்ன?” என்று ஒரு மாமி பகிடியாகக் கேட்டார். பகிடி நிஜமாகிவிட்டது. கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த வாரம் பதினொரு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். சாரதி என் ராத்தாவின் மகன். அதனால் எந்த வீட்டிலும் மறுப்புச் சொல்ல வழியில்லை.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். சம்மாந்துறை தாண்டி வீரமுனையை நெருங்கியபோது வேனுக்குள் பேச்சுக் குறைந்தது. 1990 ஆகஸ்ட் 12ஆம் திகதி அந்தப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். எங்களோடு வந்த ஒரு அக்கா அந்த ஊரில் பிறந்தவர். அதே வருடம்தான் வட்டைக் காவலுக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடலைச் சரையைப் பிரித்து அவர் கையில் கொஞ்சம் கொட்டினேன். மல்வத்தை வரும் மட்டும் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் காலத்தில் அம்பாறைக்குப் போவதென்றால் கச்சேரிக்கு அல்லது ஆஸ்பத்திரிக்குத்தான். சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறுவோம். வீதியின் இரு பக்கமும் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த முறைதான் பார்த்தேன். கொண்டவட்டவான் குளத்தில் தாமரை இலை, அதற்குப் பின்னால் மேற்கே நீல மலைகள். அம்பாறையில் 1988இல் ஜப்பானியர் கட்டிய வெள்ளை நிறச் சமாதான விகாரை இருக்கிறது. மாலையில் அதன் பக்கமாக யானைகள் நடந்து போவதைப் பார்க்கப் பயணிகள் காத்திருப்பார்களாம். நாங்கள் நிற்காமல் இங்கினியாகலைக்குப் போனோம்.

அணைக்கட்டு வேலை 1949இல் தொடங்கியது. கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். பட்டிப்பளை ஆற்றை, அதாவது கல்லோயாவை, இரண்டு மலைகளுக்கு நடுவே மறித்திருக்கிறார்கள். இலங்கையில் ஆக அதிகம் தண்ணீர் கொள்ளும் குளம் இதுதான். குளத்தைச் சுற்றியுள்ள காடு 1954இல் கல்லோயா தேசிய வனமாக்கப்பட்டது. ஜீப்பில் போய் மிருகம் பார்க்கும் வனங்கள் நாட்டில் பல உண்டு. இங்கே படகில் போய்ப் பார்க்கலாம்.

வனஜீவராசிகள் திணைக்களக் காரியாலயத்தில் நுழைவுச் சீட்டு எடுத்தோம். உள்ளூராருக்குக் கட்டணம் குறைவு, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு அதிகம். பிறகு உயிர்காப்பு அங்கி தந்தார்கள். அபாயாவுக்கு மேலே செம்மஞ்சள் அங்கி போட்டு மாமி நின்ற கோலத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

காரைதீவுச் சகோதரி ஒருவர் மட்டும் அங்கியை வாங்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன பிள்ளையின் தாய் அவர். அன்றிலிருந்து அவர் கடற்கரைப் பக்கமே போவதில்லை. “நான் இங்கேயே இருந்து சோற்றுப் பொதிகளைப் பார்த்துக் கொள்கிறேன்” என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. சாரதித் தம்பி அவருக்குத் துணையாகக் கரையில் நின்றார்.

இரண்டு படகுகளில் பிரிந்து ஏறினோம். தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நிற்கின்றன, கொப்பெல்லாம் நீர்க்காகங்கள். குளத்துக்குள் தெரியும் தீவுகள் எல்லாம் முன்னொரு காலத்தில் மலை உச்சிகள். கோடையில் தண்ணீர் வற்ற வற்றத் தீவுகளின் ஓரத்தில் இளம் புல் முளைக்கும். அதைத் தேடித்தான் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துகின்றன.

அரை மணித்தியாலம் போனதும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். தூரத்தில் கட்டைகள் மிதப்பது போலத் தெரிந்தது. ஒரு கட்டையில் இருந்து குழாய் போல ஒன்று நிமிர்ந்து தண்ணீரைச் சீறியது. தும்பிக்கை! ஆறு பெரிய யானைகள், நடுவில் ஒரு குட்டி. உடம்பு முழுவதும் தண்ணீருக்குள், தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு வந்தன. குட்டி பின்தங்கும்போதெல்லாம் பின்னால் வந்த யானை நெற்றியால் தள்ளிவிட்டது. கரை ஏறும் இடத்தில் சேறு. குட்டி இரண்டு தரம் வழுக்கி விழுந்து மூன்றாம் தரம் ஏறியது. மாமி கையை உயர்த்தி துஆக் கேட்டதை நான் கண்டேன்.

இப்படிக் கூட்டமாக வருபவை பெண் யானைகளும் குட்டிகளும்தான், ஆண் யானை வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் போய்விடும், மூத்த பெண் யானைதான் வழி காட்டும் என்று படகோட்டி சிங்களத்தில் சொன்னார். எங்களில் இளையவள் மொழிபெயர்த்துவிட்டு, “இதுவும் பெண் தலைமைத்துவக் குடும்பம்தான். யாராவது வந்து பெயர் பதிந்தார்களோ தெரியாது” என்றாள். படகு ஆடும்படி சிரித்தோம்.

“எங்கட வட்டைக்கு வாறதும் இதுகள்தானா?” என்று மாமி கேட்டார். மாமியின் தம்பியை யானை அடித்தது வயலில். படகோட்டிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 2023இல் மட்டும் நாடு முழுவதும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துப் பள்ளக்காட்டில் சுற்றுவட்ட ஊர்களின் குப்பையைக் கொட்டும் இடத்தில், பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. அதனால்தான் பொலித்தீன் இல்லாமல் வாழையிலையில் சோறு கட்டிப் போனோம். அழகு பார்க்கப் போன இடத்திலும் இந்தக் கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கரைக்கு வந்து, அணைக்கட்டைப் பார்த்தபடி சாப்பிட்டோம். இந்தத் தண்ணீரோடு வந்த குடியேற்றத்தில்தான் 1956 ஜூனில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். இன்னொரு கதையும் இதே தண்ணீருக்கு உண்டு. 1981இல் இடது கரை வாய்க்காலில் விவசாயிகளைக் குழுக்களாகச் சேர்க்கும் திட்டமொன்று தொடங்கியது. அப்போது மேல் மடையில் இருந்த சிங்கள விவசாயிகள் தங்கள் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கீழ் மடையில் இருந்த தமிழ் விவசாயிகளுக்கு விட்டிருக்கிறார்கள். முதலாவது கதை எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவதைச் சொன்னபோது வீரமுனை அக்கா நம்பவில்லை, திருப்பித் திருப்பிக் கேட்டார்.

கரையில் இருந்த சகோதரிக்கு இளையவள் தன் தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். அவர் ஒரு தரம் பார்த்தார். பிறகு தானே தொலைபேசியை வாங்கி, குட்டி கரை ஏறும் இடத்தை மட்டும் பல தரம் ஓட்டிப் பார்த்தார். வேனில் ஏறிய பிறகும் தொலைபேசி அவர் கையில்தான் இருந்தது.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில தகவல்கள். மார்ச் முதல் ஜூலை வரை போனால் நீந்தும் யானைகளைக் காணும் வாய்ப்பு அதிகம். அதிகாலையில் அல்லது பின்னேரத்தில் போங்கள், நடுப்பகல் வெயில் தாங்காது. படகை முதலே பேசி வையுங்கள். யானையைக் கண்டதும் சத்தம் போட வேண்டாம், கிட்டப் போகும்படி படகோட்டியை நெருக்கவும் வேண்டாம். குளத்துக்குள் கழிவறை கிடையாது, படகில் ஏறும் முன்னரே போய்விட்டு ஏறுங்கள்.