பழைய கணக்கு, புதிய மழை

ஜூன் பிறந்தால் கிருஷ்ணா டெல்டாவின் கடைமடையான திவிசீமாவில் விவசாயிகளின் கண் வாய்க்கால் மேல்தான். தண்ணீர் வந்தால் நாற்று, வராவிட்டால் கடன்.

அதே கிருஷ்ணா கம்ப்யூட்டருக்குள்ளும் ஓடுகிறது. மண், சரிவு, பயிர், மழை, வெப்பம் எல்லாவற்றையும் எண்ணாக்கிக் கொடுத்தால், பெய்த மழையில் ஆவியாவது எவ்வளவு, பூமிக்குள் இறங்குவது எவ்வளவு, ஆற்றில் சேருவது எவ்வளவு என்று அது கணக்குச் சொல்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யின் ஏ.கே. கோசாயின் குழு இப்படி 12 நதிப்படுகைகளை ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டது: பூமி சூடேறினால் மகாநதியில் வெள்ளம் கடுமையாகும், கிருஷ்ணாவில் வறட்சி.

2009 அக்டோபரில் அதே கிருஷ்ணா படுகையில் வெள்ளம் பெருகி, கர்நூல் மூழ்கியது. அப்படியானால் கணிப்பு பொய்யா? மாடல் ஜோசியம் அல்ல. ஒரு வாரத்து மழையை அது சொல்லாது; நீண்டகாலப் போக்கைத்தான் சொல்லும்.

1973-ல் பச்சாவத் நடுவர் மன்றம் 78 ஆண்டு நீர்வரத்தைப் பார்த்து, 2,060 டி.எம்.சி.யை மூன்று மாநிலங்களுக்குப் பங்கிட்டது. நான்கு ஆண்டுகளில் மூன்றிலாவது அவ்வளவு வரும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் மாடல் அசைத்துப் பார்க்கிறது. மழை மாறிவிட்டால் பழைய பேரேடு செல்லாது. தீர்ப்பில் இருக்கும் தண்ணீர் வாய்க்காலில் இருக்காது. அப்போது முதலில் காய்வது கடைமடைதான்.