மன்னிப்பில் தொடங்கும் கடிதங்கள்

ஜொப் சென்ரர் அப்பொயின்ற்மென்ற் தவறி யுனிவேர்சல் கிறெடிற் என்ற அரச உதவிக் காசு வெட்டுப்பட்டால், அதை எதிர்த்து எழுதுவது யாருக்கும் முடிந்த வேலை என்ற எண்ணம் பிரித்தானியத் தமிழரிடையே ஊறிவிட்டது. இணையத்தில் மாதிரிக் கடிதம் கிடக்கிறது, பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும். அதற்கும் பஞ்சி என்றால் கணினியிடம் சொன்னால் அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். பிள்ளைகள் தாய் தகப்பனுக்காக இப்படித் தயாரிக்கும் கடிதங்களின் ஆங்கிலத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் தலைமுறை நலன்புரி ஆலோசகர்கள் எழுதியவற்றைவிட அவை அழகாகவே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை முதல் வரியிலேயே மன்னிப்புக் கேட்கின்றன. குறித்த நாளில் சமுகமளிக்கத் தவறியதற்கு வருந்துகிறேன் என்று தொடங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ் பிந்திவிட்டது, இனி இப்படி நடக்காது என்று முடிகின்றன. பண்பான கடிதம்தான். வழக்கைத் தூக்கி எதிர்த்தரப்பின் கையில் கொடுத்துவிட்டு இரக்கம் கேட்கும் கடிதமும் அதுதான்.

இந்தத் தொழிலில் எல்லாம் ஒழுங்கில்தான் இருக்கிறது. காரணம் நல்லதா இல்லையா என்ற கேள்வி பிந்தி வருவது. அதற்கு முன் வேலை, ஓய்வூதியத் திணைக்களம் ஏறவேண்டிய படிகள் உண்டு. 2012ஆம் ஆண்டு நலன்புரிச் சீர்திருத்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அந்த நேர்முகம் கட்டாயமாக்கப்பட்டது? 15ஆம் பிரிவா, 23ஆம் பிரிவா? முன்னது வேலை நோக்கிய நேர்முகம்; பின்னது விதித்த நிபந்தனைகளை ஆள் நிறைவேற்றுகிறாரா என்று சரிபார்க்கவும் அதற்கு உதவவும் கூப்பிடுவது. கட்டாயம்தான் என்றால், அது அந்த ஆளுக்கு அறிவிக்கப்பட்டதா? நாள், நேரம், இடம், நேரிலா தொலைபேசியிலா என்பது தெளிவாக இருந்ததா? அவர் உண்மையில் தவறினாரா, இல்லை பிந்தி வந்தவரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினார்களா? இவற்றைக் காட்டும் பொறுப்பு வெட்டுப் போடுகிறவர் தலையில் இருக்கிறது. மன்னிப்புக் கடிதம் இந்தப் படிகள் அத்தனையையும் திணைக்களத்துக்காகத் தானே ஏறிக் கொடுத்துவிடுகிறது. தவறிவிட்டேன் என்று வெட்டுப்பட்டவரே எழுதிக் கையெழுத்துப் போட்டபின், அறிவித்ததற்குச் சான்று தேட யாருக்கு என்ன அவசரம்?

அறிவித்தல் என்ற இந்த ஒரு படியோடுதான் எங்களுக்குப் பெரும்பாடு. கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியை எடுத்துப் பார்த்தால், ஜேர்னலில் (யுனிவேர்சல் கிறெடிற் இணையக் கணக்கின் செய்திப் பக்கத்தில்) புதுச் செய்தி இருக்கிறது, கணக்குக்குள் போய்ப் பார் என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் எதுவும் இராது. நாளும் நேரமும் ஜேர்னலுக்குள். அதைத் திறக்க இணையம் வேண்டும், கடவுச்சொல் நினைவில் இருக்கவேண்டும், உள்ளே போனபின் ஆங்கிலம் வாசிக்கவேண்டும். ஆனால் சட்டத்தின் 24ஆம் பிரிவு அறிவிக்கும் முறையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அமைச்சரிடமே விட்டிருக்கிறது. ஆகவே ஜேர்னலில் போட்டது செல்லாது என்று மொட்டையாக வாதாட முடியாது. மாதிரிக் கடிதங்கள் சறுக்குவது இங்கேதான். எனக்குச் செய்தி கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதுகின்றன. ஜேர்னல் பக்கத்தின் பிரதி ஒன்றைத் திணைக்களம் நீட்டினால் அந்த வரி அத்தோடு செத்துவிடும். கேட்கவேண்டியது வேறு. பதிவின் முழு வாசகத்தையும் தா. எந்த நாள், எத்தனை மணிக்குப் பதிந்தாய்? அப்பொயின்ற்மென்ற்றுக்கு எவ்வளவு முன்பு? நாள் பிறகு மாற்றப்பட்டிருந்தால் பழைய பதிவை எடுத்துவிட்டாயா, இரண்டும் அடுத்தடுத்துக் கிடந்தனவா? வராவிட்டால் காசு வெட்டப்படும் என்பது எங்கே சொல்லப்பட்டது? உரைபெயர்ப்பாளர் தேவை என்று முதலிலேயே பதிந்திருந்த ஆளுக்கு இதை எந்த மொழியில், யார் விளக்கினார்கள்? இப்படிக் கேட்கும்போதுதான், ஜொப் சென்ரர் அலுவலரான வேர்க் கோச் வாயால் சொன்ன நாள் ஒன்றும் ஜேர்னலில் கிடக்கும் நாள் இன்னொன்றுமாக இருப்பது வெளியே வரும். தனிப்பட்ட தரவின் பிரதியைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும் என்பது தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதைக் கேட்காமல் எழுதிய கடிதம் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதியதுதான். உதவிக் காசு மறுக்கப்பட்டவரைப் பற்றிய கென் லோச்சின் ‘ஐ, டானியல் பிளேக்’ படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் வேலை கண்ணீர் துடைக்கும் உத்தியோகம் என்று நினைக்கிறார்கள். வேலையின் பெரும்பகுதி திகதி பார்ப்பது.

ஆள் வரவில்லை என்பது உண்மை, மிச்சமெல்லாம் சட்டத்தின் ஓட்டைக்குள்ளால் நழுவும் வித்தை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குள்ளேயே, நாங்கள் வரி கட்டுகிறோம் என்ற தொனியில், கொஞ்சம் உரத்தே சொல்கிறார்கள். பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. சம்பளமில்லாத வேலைக்கு அனுப்பப்பட்ட கேற் ரைலி என்ற பட்டதாரியின் வழக்கில், 2013 ஒக்ரோபரில் கொடுத்த தீர்ப்பில், காசை இழக்கக்கூடிய நிலையில் இருப்பவர் தன் பக்கத்தை எடுத்துச் சொல்வதற்குப் போதிய தகவலை முன்கூட்டியே பெறவேண்டும், அதுதான் நியாயம் என்று அது சொன்னது. வேலைத்திட்டங்கள் பற்றிய வழக்கானாலும் அதன் தர்க்கம் அப்பொயின்ற்மென்ற்றுக்கும் பொருந்தும். அரை மணித்தியாலம் பிந்தியதற்காக ஒருவரின் சாப்பாட்டுக் காசில் கை வைக்கிற அரசு, தான் சொல்லவேண்டியதை ஒழுங்காகச் சொன்னதா என்று கேட்பதில் என்ன வித்தை இருக்கிறது? ஒழுங்கு என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒழுங்கு.

நல்ல காரணம் என்ற கட்டத்துக்கு வந்தாலும் கடிதம் மாறவேண்டும். சட்டத்தில் அதற்கு வரைவிலக்கணம் இல்லை. பிந்திய விண்ணப்பம் ஒன்று சம்பந்தமாக 1949இல் ஆணையாளர் ஒருவர் கொடுத்த விளக்கம் இன்றும் வழிகாட்டுகிறது. அதே வயதும் அனுபவமும் உள்ள நியாயமான ஒருவர், அந்த உடல்நிலையில், கையில் இருந்த தகவலையும் தேடிப் பெற்றிருக்கக்கூடிய தகவலையும் வைத்து அப்படி நடந்திருப்பாரா என்பதே அதன் சாரம். இதை மனதில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற வரியைப் பாருங்கள். அதில் எதுவுமே இல்லை. காய்ச்சல் எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யார் நின்றார்கள், ஜீ.பீ.க்கு எத்தனை மணிக்கு எடுத்தார், ஜொப் சென்ரர் இலக்கத்துக்கு எடுத்து எவ்வளவு நேரம் காத்திருந்தார், ஜேர்னலில் அன்றே எழுதினாரா, எழுதவில்லை என்றால் ஆங்கிலத்தில் எழுதித் தரும் மகள் அந்த நேரம் பள்ளியிலா என்பதெல்லாம் வந்தால்தான் அது காரணம். 2004இல் கேர் வழக்கில் பிரபுக்கள் சபை நீதிபதி ஹேல் சொன்னதும் இதுவே. இந்த நடைமுறை இரு தரப்பும் சேர்ந்து உண்மையைத் தேடுவது; விண்ணப்பதாரருக்குத் தெரிந்ததை அவர் சொல்லவேண்டும், திணைக்களத்துக்குத் தெரிந்ததைத் திணைக்களம் வைக்கவேண்டும். கணினி எழுதும் கடிதத்தில் இந்த விபரம் எதுவும் இராது. அந்த வீட்டில் அன்று காலை என்ன நடந்தது என்று அது கேட்பதில்லை, கேட்டாலும் அம்மா அதற்குச் சொல்லமாட்டா.

வெட்டு நிற்கத்தான் போகிறது என்றாலும் அதன் நீளத்தைப் பார்க்காமல் விடும் கடிதங்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வேலை தேடும் எல்லா நிபந்தனைகளும் உள்ள ஒருவர் நேர்முகத்தைத் தவறினால் வெட்டு இரண்டு துண்டாக வரும்: தவறிய நாளில் தொடங்கி, அவர் இணங்கிய (திணைக்களம் கேட்டதை நிறைவேற்றிய) நாளுக்கு முதல் நாள் வரை ஒன்று, அதற்கு மேல் முதல் தடவை 7 நாள், ஒரு வருடத்துக்குள் மறுபடியும் என்றால் 14, பிறகு 28. 25 வயது அல்லது அதற்கு மேற்பட்ட தனி ஆளுக்கு 2025–26இல் மாதம் 400.14 பவுண், நாளுக்கு 13.10 வெட்டு. 3ஆம் திகதி தவறியவர் 24ஆம் திகதி இணங்கினார் என்று போட்டால் 21 நாளும் 7 நாளும், 366.80 பவுண். 5ஆம் திகதியே தொலைபேசியில் கூப்பிட்டு வேறு நாள் கேட்டார், 24தான் கிடைத்தது என்று காட்டி, 5ஆம் திகதியை ஏற்க வைத்தால் 2 நாளும் 7 நாளும், 117.90 பவுண். இணங்குவதற்கான நிபந்தனை என்ன, அதை எப்போது சொன்னாய், இடையில் போன நாட்கள் யாருடைய தாமதம் என்ற மூன்று வரிக்கு 248.90 பவுண் பெறுமதி. அதைவிட்டு, கஷ்டகாலக் கொடுப்பனவுக்கு விண்ணப்பியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது வெட்டிய தொகையின் 60 வீதம் அளவில் கிடைக்கும் கடன், பின்னால் பிடிக்கப்படும்.

மாதிரிக் கடிதத்தாலும் வெட்டு நீங்கியிருக்கிறதே என்பது நியாயமான பதில். நீங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கடிதம் கையில் இருக்கிற ஆளுக்கு எந்தக் கடிதமும் வெல்லும். சான்று ஏதும் இல்லாத, ஆங்கிலம் வராத, முன்பும் ஒரு தடவை தவறிய ஆளின் கடிதத்தில்தான் கைத்திறன் தெரியும். மாதிரி அவரையே கைவிடுகிறது. நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் நானும் தலையாட்டுவேன். 2013 ஏப்ரலில் நலன்புரி வழக்குகளின் கீழ்க்கட்டத்துக்கு இருந்த சட்ட உதவியை எடுத்தார்கள். அதே வருடம், நேரே மேன்முறையீட்டுக்குப் போகலாம் என்றிருந்ததை மாற்றி, கட்டாய மீள்பரிசீலனை என்ற படலையை முன்னால் போட்டார்கள். சட்டம் படித்தவர்கள் மெல்ல விலக, மேசையில் இருப்பவர்கள் படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும் என்ற மட்டத்துக்கு வேலை இறங்கிவிட்டது. இப்போது பயிற்சி என்ற பெயரில் எந்தப் பெட்டியில் எதை எழுதுவது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒழுங்குவிதிப் புத்தகத்தைத் திறப்பவர் அரிது. மீள்பரிசீலனையில் மறுத்துவிட்டார்கள் என்று கேட்டதும் கோப்பை மூடுகிறார்கள். ஒரு மாதத்துக்குள் எஸ்எஸ்சிஎஸ்1 படிவத்தில் சுயாதீனமான நியாயசபைக்குப் போகலாம், அதற்குக் காசு கட்டவேண்டியதில்லை. திணைக்களம் தன் ஆவணங்களைக் கட்டாக அனுப்பவேண்டிய இடமும் அதுதான். அந்த ஜேர்னல் பதிவு உண்மையில் என்ன சொன்னது என்பது பல தடவை அந்தக் கட்டில்தான் முதன்முதலாகக் கண்ணில் படும். சில தடவை அந்தக் கட்டில்கூட அது இராது, அப்போது வாதம் பாதி முடிந்தது.

வெட்டு இல்லாவிட்டால் யார் வேலை தேடுவார்கள் என்று கடைசியில் கேட்பார்கள். திணைக்களம் வெளிவிடாமல் வைத்திருந்து 2023 ஏப்ரலில் வெளியிட்ட அதன் சொந்த அறிக்கையே, வெட்டுப்பட்டவர்கள் வேலைக்குப் போவது தாமதமாகிறது, போனாலும் குறைந்த சம்பளத்துக்கே போகிறார்கள் என்றுதான் கண்டது. யுனிவேர்சல் கிறெடிற்றில் விழும் வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை நேர்முகம் தவறியதற்காக விழுபவை. வேலையை மறுத்த சோம்பேறி என்று தொலைக்காட்சி காட்டும் ஆள் இந்தக் கணக்கில் சிறு மூலைதான். மிச்சம் நாளும் நேரமும் இடமும் பற்றிய தகராறு. அந்தத் தகராறுக்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்புவதும் பிழை. மீள்பரிசீலனைக்கு ஒரு மாதம் என்பதைப் பாடமாக்கியவர்கள், வெட்டுப் போட்ட தீர்மானத்தை எந்தக் காலத்திலும் திருத்த 2013ஆம் ஆண்டுத் தீர்மான ஒழுங்குவிதிகள் இடம் வைத்திருப்பதை வாசிப்பதில்லை. போன வருடம் வாய் பேசாமல் விட்ட 7 நாள் வெட்டை இன்றும் கிளறலாம். அந்த வெட்டு நீக்கப்பட்டால், அதைக் கணக்கில் வைத்து இந்த வருடம் போட்ட 14 நாளையும் 7 ஆக்கச் சொல்லி அதே கடிதத்திலேயே கேட்கவேண்டும்.