நீ போட்ட கோடு சரி

திருக்கோகர்ணத்தில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அறியாமையை மறைக்க ஒரு மாணவியின் மேல் பழியைப் போட்டேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அது தை மாதம். தீர்க்கக்கோடு பாடத்தில், "சூரியன் உச்சிக்கு வரும் நேரம் 12 மணி" என்று சொல்லியிருந்தேன். அவள் அதைச் சோதித்தே பார்த்துவிட்டாள். கொடிக்கம்பத்து நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் எழுந்து கேட்டாள்: "சார், 12 மணிக்கு அப்புறமும் நிழல் குறைஞ்சுக்கிட்டேதான் போகுது. பன்னிரண்டரைக்குக் கிட்டதான் நிக்குது. ஏன் சார்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "கோட்டை ஒழுங்காப் போட்டிருக்க மாட்டே, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவள் என்னிடம் கேள்வி கேட்டதில்லை.

விடையை நான் தேடிப் படித்தது ஓய்வுக்குப் பிறகுதான். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. நம் கடிகாரங்கள் காட்டுவது 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரம். மிர்சாபூர் அருகே செல்லும் அந்தக் கோடு, நமக்கு நேர் கிழக்கே சுமார் 400 கி.மீ. தள்ளி வங்கக் கடலில் போகிறது. திருக்கோகர்ணம் இருப்பதோ ஏறத்தாழ 78.8 பாகையில். ஆகவே சூரியன் இங்கே உச்சிக்கு வரச் சராசரியாக 15 நிமிடம் பிந்தும். பூமியின் அச்சுச் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் தை மாதத்தில் இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் கூடும்.

நேர வித்தியாசத்தைக் கொண்டுதான் மாலுமிகள் நடுக்கடலில் தீர்க்கக்கோட்டைக் கண்டுபிடித்தார்கள். அதே வேலையை அந்தப் பிள்ளை ஒரு துண்டு சாக்பீஸால் செய்திருக்கிறாள். அட்சக்கோட்டையும் அந்தக் கம்பத்தடியிலேயே காட்டியிருக்கலாம். நாம் 10.4 பாகை வடக்கில் இருப்பதால் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் உச்சிவேளையில் கம்பத்துக்கு நிழலே விழாது. நான் ஒரு வருடமும் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய்க் காட்டவில்லை. "கற்பனைக் கோடுகள்" என்று மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் போட்டேன்.

அம்மா, நீ போட்ட கோடு சரி. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

இன்று பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கேட்ட பிள்ளையோடு வெயிலில் போய் நின்று பாருங்கள்.