குன்னூருக்கு ஒரு வாளி மெட்ராஸ் மழை

செகண்ட் ஹாண்ட் கார் வாங்கியவன் செய்கிற முதல் தப்பு, ஆபீஸில் அதைப் பற்றிப் பீற்றிக்கொள்வது. இரண்டாவது தப்பு, அந்தப் பீற்றலைக் காப்பாற்ற மலை ஏறுவது. போன நவம்பரில் நான் இரண்டையும் செய்தேன்.

காருக்கு வயசு பதினேழு. மாடல் பெயர் வேண்டாம், அதுக்கும் மானம் இருக்கிறது. முன் சீட்டில் அப்பா. பின் சீட்டில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பன், மடியில் முறுக்கு டப்பா.

மேட்டுப்பாளையம் தாண்டும்போதே முன் கண்ணாடி லேசாக மங்கியது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வைப்பரைத் தட்டினேன், இரண்டே வீச்சில் பளிச்! "பார்த்தியா, மெயின்டனன்ஸ்!" என்று நண்பனிடம் அலட்டினேன்.

அது கண்ணாடிக்கு வெளியே படிந்த ஈரம். ஏ.சி.யில் குளிர்ந்த கண்ணாடி மேல் வெளியிலிருந்த ஈரக்காற்று பட்டால் அப்படித்தான் ஆகும். நிஜமான வில்லன் மேலே காத்திருந்தான்.

கல்லாறு தாண்டி மலை ஏறியதும் குளிர ஆரம்பித்தது. ஏ.சி.யை அணைத்தேன். மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றினேன். முன்னால் போன லாரிப் புகை வராமலிருக்க, உள்காற்றே சுற்றும்படி லீவரையும் தள்ளினேன். மூன்று வேலையும் புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. திடீரென்று முன்னால் ரோடு இல்லை. வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கண்ணாடி முழுக்கப் புகை. வைப்பர் 'கிறீச் கிறீச்' என்று அழுததே தவிர, ஒன்றும் போகவில்லை. புகை இந்தத் தடவை உள்பக்கம்! எங்கிருந்தோ பஸ் ஹாரன். பிரேக்கை மிதித்தேன். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைச் சரக்கென்று துடைத்தார். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால், இரண்டு கை தூரத்தில் பஸ்ஸின் முகம்.

பஸ் டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஓரம் கட்டினோம். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "ஊர்ல உங்கம்மாகிட்ட யாரு போய் சொல்றதுன்னு யோசிச்சேன்டா" என்றார். எனக்கு முறுக்கு இறங்கவில்லை.

டீக்கடையில் வைத்தியம் இலவசம். "பீடித் தூளைத் தேய்ங்க சார்" என்றார் ஒருவர். "உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ச்சாப் போதும்" என்றார் இன்னொருவர். அப்பா மட்டும் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "டேய், என் சாக்ஸ் நனைஞ்சிருக்கு."

அதுதான் துப்பு. மீதி வழி முழுக்கக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, நனைந்துகொண்டே உருட்டிப் போய்க் குன்னூரில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம்.

அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. அப்பா சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கினார். கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். "பிசுபிசுன்னு இருந்து இனிப்பு வாசனை அடிச்சா ஹீட்டர்ல கூலன்ட் ஒழுகுதுன்னு அர்த்தம். இது வெறும் தண்ணி தம்பி. ஏ.சி. தண்ணி வெளியே போற குழாய் அடைச்சிருக்கலாம். இல்லேன்னா மழைத் தண்ணி."

காருக்கு அடியில் படுத்து ஏ.சி. குழாயைப் பார்த்தார். அடைப்பு இல்லை. ஒரு மக் தண்ணீரை வைப்பருக்குக் கீழேயுள்ள ஜல்லடையில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் டொக்... டொக்... ஜல்லடையைக் கழற்றினால் உள்ளே இரண்டு கைப்பிடி வேப்பிலை, மக்கிப்போய்!

"வண்டிய எங்க நிறுத்துறீங்க?"

"வீட்டு வாசல்ல... வேப்பமரத்தடியில. நிழலுக்கு."

தண்ணீர் வெளியே போகும் ஓட்டையை வேப்பிலை அடைத்துவிட்டது. சென்னையில் பெய்த மழையெல்லாம் ப்ளோயர் வழியாக உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்த ஸ்பாஞ்சில் குடியேறிவிட்டது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி அளவுக்குச் சூடு குறையும். வெளியே கண்ணாடி ஜில்லிட, உள்ளே ஈரக் கார்ப்பெட்டும் மூன்று பேர் மூச்சும் ஆவி விட, பாதை மறைந்தது. மலைப்பனியை நான் திட்டியது அநியாயம். மெட்ராஸிலிருந்து மழையை ஏற்றி வந்ததே நான்தான்!

ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்து, கார்ப்பெட்டுக்கு அடியில் பழைய பேப்பரைத் திணித்தார். கண்ணாடியின் உள்பக்க அழுக்கையும் துடைக்கச் சொன்னார், அழுக்கில்தான் புகை சட்டென்று ஒட்டுமாம். "இறங்கும்போது வெளிக்காத்த உள்ளே விடுங்க. ஹீட்டரும் போடுங்க, ஏ.சி.யும் போடுங்க."

"குளிர்ல ஏ.சி.யா?"

"ஏ.சி. காத்துல இருக்கிற தண்ணியப் பிழிஞ்சிடும் தம்பி. ஹீட்டர் கண்ணாடியச் சூடாக்கும்."

அப்படியே செய்தேன். அதே கொண்டை ஊசி வளைவில் இந்தத் தடவை பஸ்ஸின் நம்பர் வரைக்கும் தெரிந்தது. தள்ளியே நின்று வழி விட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜல்லடையைக் கழற்றி இலை பொறுக்குவது என் வேலை. ஆனாலும் எங்கே கிளம்பினாலும் அப்பா ஊரிலிருந்து போன் பண்ணுகிறார். பெட்ரோல் இருக்கா, காற்று இருக்கா என்றெல்லாம் கேட்பதில்லை. ஒரே கேள்விதான்.

"மேட்டைத் தூக்கிப் பாத்தியாடா?"